கடைசி ஐந்து நிமிடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கம் ஒரு சிறிய சபையில் ஊழியம் செய்கிறேன். மார்ட்டின் லூதர் கிங்கின் கடைசி உரையின் முடிவைக் காணொளியில் பார்த்துவிட்டு, போன ஞாயிறு நானும் பிரசங்கத்தை அப்படியே குரலெழுப்பி முடித்தேன். சபை அசையவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர், "தம்பி, கடைசியில யார் மேல கோபம்?" என்று கேட்டார். மகிழ்ச்சியின் உச்சத்தில் முடியும், அமெரிக்கக் கறுப்பினச் சபைகளின் கொண்டாட்டப் பிரசங்கம் நமக்கு ஒத்துவராதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பெரியவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். நீங்கள் பார்த்தது முடிவை மட்டும். 1968 ஏப்ரல் 3 இரவு, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் மேசன் டெம்பிள் என்ற தேவாலயம். வெளியே இடியும் மழையும். துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காகக் கிங் நாற்பது நிமிடத்துக்கு மேல் பேசினார். எந்த ரொட்டியை, எந்தப் பாலை வாங்க வேண்டாம் என்றுகூடச் சொன்னார். அப்புறம் நல்ல சமாரியன் உவமையில் எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனிடம் வந்தார். நீங்கள் பார்த்த அந்த முடிவு, 'நான் மலையுச்சிக்குப் போய் வந்தேன்' என்பது, கடைசியில்தான் வருகிறது. அதுவரை கூட்டமும் பதில் குரல் கொடுத்துக்கொண்டே அவரோடு ஏறி வந்திருந்தது.

இந்த மரபை ஆராய்ந்த ஹென்றி மிட்செல் ஒன்றை வற்புறுத்துவார்: பிரசங்கம் எந்த நற்செய்தியைச் சொன்னதோ, அதிலேயே மகிழ்வதுதான் கொண்டாட்டம். அங்கே புதுக் கருத்து வரக் கூடாது, கண்டிப்பும் கூடாது. நாமோ கண்டிப்பதற்கென்றே கடைசி ஐந்து நிமிடத்தை எடுத்து வைக்கிறோம். எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு.

அந்தக் கறுப்பினப் பிரசங்கிகளின் குரலை விட்டுவிடுங்கள். எசமான்களுக்குத் தெரியாமல் காட்டுக்குள் கூடி ஜெபித்த அடிமைகளின் வழியில் வந்த குரல் அது. நாம் போட்டுக்கொண்டால் வேஷமாகிவிடும். உங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்கிறாரே, அது உங்கள் ஜனங்களுக்குப் பழகிய பதில். அதற்கு இடம் விட்டுப் பேசுங்கள்.

இயேசு சொன்ன, காணாமற்போன வெள்ளிக்காசு உவமையைப் பற்றிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். காசைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, மூலை மூலையாகத் தேடியதை நிதானமாகச் சொல்லுங்கள். காசு கிடைத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுகிறாள் இல்லையா, அங்கே நின்றுவிடுங்கள். "நீங்களும் தேடினீர்களா?" என்று சபையைக் குத்திக் கேட்கத் திரும்ப வேண்டாம். கிடைத்த சந்தோஷத்தையே இரண்டு மூன்று விதமாகச் சொல்லுங்கள், மெல்லிய குரலில் என்றாலும் சரி. பிறகு எல்லாருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுத்துக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். மிச்சத்தை அவர்கள் பாடுவார்கள்.