முதலில் ஆம்புலன்ஸா, மகனா?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 81 வயது. சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருக்கிறார். பகலில் ஒரு சுலு அம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறார். போன மாதம் அம்மா சர்க்கரை இறங்கி நினைவிழந்தபோது, அவர் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னார். “கேட்காமல் எப்படிக் கூப்பிடலாம்?” என்று ஜோஹானஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன் அவரை வேலையிலிருந்து நிறுத்தப் பார்க்கிறார். உங்கள் கருத்து?

க., டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள க.,

நிறுத்தினால் வேறொருவர் கிடைப்பார். அவர் எதையும் அண்ணனைக் கேட்டுவிட்டுத்தான் செய்வார். எனக்கு அதுதான் பயம்.

ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே போய், ஆள் விழித்திருந்தால் அரை கிளாஸ் ஜூஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கலாம். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான். சொந்தக்காரர்கள் நாம் பதறிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றியிருப்போம். அவர் ஊற்றவில்லையே!

பக்கவாதத்திலும் இப்படித்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று மருத்துவர் கேட்பார். பதில் அந்த அம்மாளிடம்தான் இருக்கும், ஜோஹானஸ்பர்க்கில் இருக்கும் மகனிடம் இருக்காது.

ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. வீட்டு முகவரி, மருந்துகள், இன்சுலின் நேரம், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீடு. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் படிக்கும் மொழியில், “எங்களைக் கேட்க வேண்டாம், முதலில் கூப்பிடுங்கள்” என்று எழுதி அண்ணனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்த அம்மாளின் போனில் ஏர்டைம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலைக்காக நம்மைக் கூப்பிடும் காசு அவர் சம்பளத்திலிருந்து போகக்கூடாது.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் சாலைகளே அறுந்துபோயின. அப்படி ஒரு நாளில் அவரால் வர முடியாவிட்டால் அம்மாவோடு யார்? வந்தவர் திரும்பிப்போக முடியாவிட்டால் அவர் பிள்ளைகளோடு யார்? இரண்டையும் இப்போதே பேசி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. விழுந்தவரைத் தூக்குகையில் பார்த்துக்கொள்பவரின் முதுகும் போகும். வீட்டு வேலையாட்களுக்கும் வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு என்று 2020-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவரும் அதில் அடக்கம். நீங்கள் நேரடியாகச் சம்பளம் கொடுப்பவர்கள் என்றால் இழப்பீட்டு நிதியில் பதிவு செய்ய வேண்டும். அண்ணன் செய்துவிட்டாரா?