அமெரிக்கத் தோல் மருத்துவ ரெசிடென்சிக்கு முன்கூட்டியே ஆயத்தமாவது: கேள்வி பதில்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் தமிழ் மாணவர்களும் சில பெற்றோரும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ரெசிடென்சி (மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு பெறும் சிறப்புத் துறைப் பயிற்சி) விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் இருந்தவன் என்ற முறையில், எதையெல்லாம் செய்ய வேண்டும் என்பதைவிட எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதையே நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி (முதலாண்டு மாணவி, ஓஹியோ): வகுப்பு தொடங்கி இரண்டு மாதங்கள்தான் ஆகின்றன, டாக்டர். அதற்குள் சக மாணவர்கள் ஆய்வு வாய்ப்புத் தேடி அலைகிறார்கள். நான் எங்கே தொடங்குவது?

பதில்: பாடத்தில் தொடங்குங்கள். அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான முதல் தேர்வான ஸ்டெப் 1-இல் 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சியா தோல்வியா என்பது மட்டுமே அறிவிக்கப்படுகிறது. பாரம் குறைந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அடுத்த உரிமத் தேர்வான ஸ்டெப் 2 சிகே மதிப்பெண்ணுக்கும், மூன்றாமாண்டில் மருத்துவமனைத் துறைகளில் பெறும் பயிற்சியான கிளார்க்‌ஷிப் தரநிலைக்கும், ஆய்வுப் பணிக்கும் இடம் மாறியிருக்கிறது. உடலியங்கியலையும் நோயியலையும் அரைகுறையாகப் படித்துவிட்டு ஸ்டெப் 2 தேர்வில் திடீரென்று உயர்வது கடினம். தோல் மருத்துவத்துக்கென்று இந்தப் பருவத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: கல்லூரியின் ஆர்வக் குழுவில் சேருங்கள், எப்போதாவது ஓர் அரைநாள் கிளினிக்கில் உடனிருந்து பாருங்கள், அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அடிப்படைப் பாடத்தைப் படியுங்கள்.

கேள்வி (இரண்டாமாண்டு மாணவர், டெக்சாஸ்): 2024ஆம் ஆண்டு மேட்ச் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் முறை) புள்ளிவிவரத்தில், தோல் மருத்துவத்தில் இடம் பெற்ற அமெரிக்க எம்.டி. (அங்கே இது அடிப்படை மருத்துவப் பட்டம்) மாணவர்களின் ஆய்வு எண்ணிக்கை சராசரியாக 27-ஐத் தாண்டியிருக்கிறது. என்னிடம் இரண்டே உள்ளன. இது சாத்தியமா?

பதில்: அந்த எண்ணைக் கண்டு மிரளுவதற்கு முன், அதில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆய்வுச் சுருக்கம், போஸ்டர், மேடை உரை, அச்சான கட்டுரை எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிய தொகை அது. ஒரே ஆய்வு, மாநாட்டில் சுருக்கமாகவும், கல்லூரி ஆய்வு நாளில் போஸ்டராகவும், பிறகு இதழில் கட்டுரையாகவும் வந்தால் மூன்று என்று கணக்காகிறது. மேலும், இடையில் ஓராண்டை முழுக்க ஆய்வுக்கே ஒதுக்கியவர்களும் அந்தச் சராசரியில் இருக்கிறார்கள். முப்பது வரிகள் எழுதியிருந்தும், அவற்றுள் ஒன்றில் ஒப்பீட்டுக் குழுவை ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நேர்காணலில் கேட்டால் விழிப்பவரைவிட, ஐந்தே பணிகளைச் செய்து அவற்றின் குறைகளையும் தெளிவாகச் சொல்பவருக்கே நான் மதிப்புக் கொடுப்பேன்.

நடைமுறையில், பேராசிரியருக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதுவதைவிட ரெசிடென்டுகளிடம் கேட்பது பயன் தரும். எழுத நேரமில்லாமல் கிடப்பில் போட்ட அபூர்வ கேஸ் ஒன்றாவது அவர்களிடம் பெரும்பாலும் இருக்கும். நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு ஒரு கேஸ் ரிப்போர்ட்டை முடித்துக் கொடுங்கள். பழைய மருத்துவப் பதிவேடுகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒன்றில் சேர்ந்துகொள்வது நல்லது. முதலாம் இரண்டாம் ஆண்டுகளுக்கு இடையிலான கோடை விடுமுறைதான் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் ஒரே நீண்ட விடுமுறை. அதற்கான பேச்சைக் குளிர்காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும். எடுத்த வேலையை முடிப்பவர் யார், பெயரை மட்டும் சேர்த்துக்கொள்பவர் யார் என்பது ஒரு துறைக்குள் வெகு விரைவில் தெரிந்துவிடும். பரிந்துரைக் கடிதத்தின் தொனியும் அங்கேதான் தீர்மானமாகிறது.

கேள்வி (ஒரு தந்தை, நியூ ஜெர்சி): என் மகள் எல்லா இடங்களுக்கும் விண்ணப்பித்துவிடலாம் அல்லவா? தன்னார்வச் சங்கங்கள் பலவற்றிலும் சேர்ந்திருக்கிறாள்.

பதில்: விண்ணப்பிக்கலாம், பயன் குறைவு, ஐயா. அண்மை ஆண்டுகளில் தோல் மருத்துவ விண்ணப்பதாரருக்கு 3 தங்கச் சிக்னல்களும் 25 வெள்ளிச் சிக்னல்களும் தரப்படுகின்றன. 'உங்கள் இடத்தில் எனக்கு உண்மையான ஆர்வம் உண்டு' என்று தெரிவிக்கும் குறிதான் சிக்னல், தங்கம் அதில் உயர்ந்தது. சிக்னல் அனுப்பாத இடத்திலிருந்து நேர்காணல் அழைப்பு வருவது அரிது. விண்ணப்பத்தில் குறிப்பிடக்கூடிய அனுபவங்களும் 10 தான். அவற்றுள் 3-ஐ மட்டுமே மிக முக்கியமானவை என்று விரித்து எழுத முடியும். ஆகவே பன்னிரண்டு சங்கங்களில் உறுப்பினராக இருப்பதைவிட, ஒரு இலவச கிளினிக்கில் மூன்றாண்டுகள் தொடர்ந்து பணியாற்றுவது மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'தோல் டாக்டருக்கு ராத்திரி டியூட்டி இல்லை' என்று கல்யாண வீடுகளில் சொல்லப்படும் காரணத்தை மகள் தன் விண்ணப்பக் கட்டுரையில் எழுதிவிடக் கூடாது. மருந்து ஒவ்வாமையால் தோல் உரிந்து உயிருக்குப் போராடும் நோயாளிக்காக நள்ளிரவில் அழைக்கப்படும் ரெசிடென்ட் அதைப் படித்தால் சிரித்துவிடுவார்.

கேள்வி (மாணவர், டி.ஓ. எனும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் கல்லூரி): எங்கள் கல்லூரியில் தோல் மருத்துவத் துறையே இல்லை.

பதில்: 2020-இல் எம்.டி., டி.ஓ. பயிற்சிகள் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டதால் எல்லாப் பயிற்சி இடங்களுக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். உங்களுக்குக் குறைவது அருகிலிருந்து உங்களை அறிந்தவர்கள்தான். அண்டை நகரத்தில் உள்ள துறையோடு முதலாண்டிலேயே தொடர்பு ஏற்படுத்துங்கள். தோல் மருத்துவச் சங்கங்கள் நடத்தும் வழிகாட்டித் திட்டங்களுக்கு விண்ணப்பியுங்கள். நான்காமாண்டின் தொடக்கத்தில் வேறொரு மருத்துவமனையில் சில வாரங்கள் செய்யும் அவே ரொட்டேஷன் மற்றவர்களைவிட உங்களுக்கே முக்கியம், ஏனெனில் உங்கள் கடிதங்கள் அங்கிருந்துதான் வர வேண்டும்.

கேள்வி: தனியாக ஓர் ஆய்வு ஆண்டு எடுக்க வேண்டுமா?

பதில்: தாமதமாக இந்தத் துறையை விரும்பியவர்களுக்கும், சொந்தக் கல்லூரியில் துறை இல்லாதவர்களுக்கும் உதவும். பலவீனமான கிளார்க்‌ஷிப் தரநிலைகளை அது அழித்துவிடாது. ஒப்புக்கொள்வதற்கு முன், அங்கே சம்பளம் உண்டா, முன்பு அந்த ஆண்டைச் செய்தவர்களுக்கு எங்கே இடம் கிடைத்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி (எம்.பி.பி.எஸ். மாணவர், மதுரை): இங்கே படித்துவிட்டு அங்கே தோல் மருத்துவம் செய்ய முடியுமா?

பதில்: முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு மிகக் குறைந்த இடங்களே கிடைக்கின்றன. பலர் ஊதியமில்லாத ஆய்வுப் பணியில் சில ஆண்டுகளைக் கழிக்கிறார்கள், விசா சிக்கலும் உண்டு. தோல் மருத்துவம்தான் வேண்டும் என்றால், நீட் பிஜி எழுதித் தமிழ்நாட்டிலேயே மூன்றாண்டு எம்.டி. மேற்படிப்பு செய்வதை நான் முதலில் யோசிப்பேன். தொழுநோயையும், மாநிறத் தோலில் சிவப்பாகத் தெரியாமல் ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும் அழற்சியையும் அங்கே அன்றாடம் பார்த்துப் பழகலாம்.

கேள்வி: இடம் கிடைக்காவிட்டால்?

பதில்: மாற்று வழியை மூன்றாமாண்டின் முடிவிலேயே வழிகாட்டியோடு பேசுங்கள். உள் மருத்துவத்துக்கும் சேர்த்து விண்ணப்பிப்பது சிலருக்குப் பொருந்தும். இடம் கிடைத்தாலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: தோல் மருத்துவப் பயிற்சி மூன்றாண்டு, அதற்கு முன் ஓராண்டு பொதுப் பயிற்சி தேவை. பெரும்பாலான இடங்களில் அந்த ஓராண்டுக்குத் தனியாக விண்ணப்பித்து, எந்த இடம் முதலில் வேண்டும் என்ற தனி விருப்ப வரிசைப் பட்டியலும் கொடுக்க வேண்டும்.