குழந்தை இருக்கும் வீட்டில் பாயும் சேவல்

கேள்வி: பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஆறு கோழி, மூன்று சேவல் வைத்திருக்கிறோம். பெரிய சேவலுக்கு ஒன்றரை வயது. வாசல் கூட்டப் போனாலே காலில் பாய்ந்து அடிக்கிறது. இரண்டு நாள் முன்பு என் நான்கு வயது மகனின் கன்னத்தைக் கால் முள்ளால் கிழித்துவிட்டது. முள்ளுக்குச் சூடு வைக்கச் சொல்கிறார்கள். ஒரு வியாபாரி நல்ல விலைக்குக் கேட்கிறார். சேவலை விட்டுவிட்டால் கோழிகள் முட்டையிடுமா?

கால்நடை மருத்துவர் பதில்:

முதலில் மகனைக் கவனியுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, தடுப்பூசி அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று அட்டையைப் பார்த்துச் சொல்வார்கள். கோழியால் வெறிநோய் வராது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் இன்னும் இரண்டு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். என் பதில் முழுவதும் இதை வைத்துத்தான்.

முட்டை நிற்காது. நாமக்கல் பண்ணைகளில் லட்சக்கணக்கில் கோழிகள் முட்டையிடுகின்றன, அங்கே சேவலே கிடையாது. அடை வைத்துக் குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும்.

எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். உங்களிடம் ஆறுக்கு மூன்று. சேவல்களுக்குள் போட்டி, மிதிபட்டு மிதிபட்டுக் கோழிகளின் முதுகில் இறகு கொட்டும், வருகிற ஆளெல்லாம் எதிரியாகத் தெரியும். மூன்று சேவல் எப்படிச் சேர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர் வண்டியில் வந்த குஞ்சு வாங்கியவர்கள். முட்டைக்கோழிக் குஞ்சு பொரிப்பகங்களுக்குச் சேவல் குஞ்சு தேவையில்லை. பொரித்த அன்றே பிரித்துத் தள்ளிவிடுவார்கள். அதை அள்ளி வந்து பச்சை, ரோஸ் சாயம் போட்டுத் தெருவில் விற்கிறார்கள். சாயம் போடாவிட்டால் ‘நாட்டுக்கோழிக் குஞ்சு, எல்லாம் பெட்டை’ என்று சொல்லி விற்கிறார்கள். நாலு மாதம் தீவனம் போட்ட பிறகுதான் எல்லாம் கூவுவது தெரியும். குஞ்சு வேண்டுமென்றால் ஒன்றரை, இரண்டு மாதமானதாக, கொண்டையைப் பார்த்து வாங்குங்கள். சேவலுக்கு அதற்குள் கொண்டை தடித்துச் சிவந்திருக்கும்.

சரி, பாய்வதற்கு வருவோம். பாயும் முன் சேவல் கழுத்து இறகைச் சிலிர்க்கும், ஒரு இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் அரைவட்டம் போடும். அப்போது ஓடினால் தான் ஜெயித்துவிட்டதாக அதற்குத் தோன்றும், மறுநாள் இன்னும் தைரியமாக வரும். உதைத்தால் சண்டைக்குக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ளும். முதுகைக் காட்டாமல், ஒரு முறத்தையோ பலகையையோ காலுக்கு முன்னால் பிடித்து அசையாமல் நில்லுங்கள். அது விலகிய பிறகு நகருங்கள். இருட்டியபின் அடையும் இடத்தில் பிடித்து, இறக்கையை அணைத்துக் கக்கத்தில் சிறிது நேரம் வைத்திருந்து விடலாம். பெரியவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டில் இப்படி இரண்டு மூன்று வாரத்தில் சில சேவல்கள் அடங்கும்.

ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். நேற்றுவரை சாதுவாக இருந்த சேவல் திடீரென்று பாய ஆரம்பித்ததா? அப்படியானால் அதன் கண்ணைப் பாருங்கள். அம்மைக் கொப்புளம் இமையில் வந்து காய்ந்து ஒரு கண்ணை மூடியிருக்கலாம். அந்தப் பக்கமாக யார் போனாலும் மிரண்டு அடிக்கும். போன மாதம் ஒருவர் ‘முரட்டுச் சேவல்’ என்று கூடையில் கொண்டுவந்தார். இடது இமையில் மிளகளவு பொருக்கு. இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் இமை திறந்தது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது, ரத்தம் வரும். காலையும் பாருங்கள். செதில் தூக்கி, சுண்ணாம்பு பூசியது போலத் தடித்திருந்தால் செதில் பூச்சி. வேப்பெண்ணெய் பூசிவர வேண்டும். வலியில் அடிக்கும் சேவலுக்கு வைத்தியம்தான் தேவை. இதையெல்லாம் கால்நடை மருந்தகத்திலேயே பார்க்கலாம். ஆனால் கோழியைக் கொண்டுபோனால் ‘அடித்துச் சாப்பிடுங்க’ என்று திருப்பி அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. அரசின் புறக்கடைக் கோழித் திட்டத்தில் குஞ்சு கொடுத்துப் போட்டோ எடுக்க ஆள் இருக்கிறது, கொடுத்த குஞ்சு பிழைத்ததா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

முள்ளுக்குச் சூடு வைக்காதீர்கள். முள்ளுக்குள் எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. நுனியை மட்டும் அரத்தால் ராவி மழுக்கலாம். அதுவும் காயத்தைக் குறைக்குமே தவிரப் பாய்ச்சலை நிறுத்தாது.

அந்த வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். முரட்டுச் சேவலைக் கறி விலைக்கு மேல் தேடி வந்து கேட்கிறவர் பெரும்பாலும் சண்டைக்குத்தான் கேட்பார். காலில் கத்தி கட்டுவார்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. அதன் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஐம்பது ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்?

உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறது, ஏற்கெனவே முகத்தில் அடித்துவிட்டது. கண்ணும் காலும் நன்றாக இருந்தால் அந்தச் சேவலைப் பழக்கிப் பார்க்க வேண்டாம், குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதனோடு இணைந்த கோழிகளின் முட்டையை அடை வைக்கவும் வேண்டாம், முரட்டுக் குணம் குஞ்சுக்கும் இறங்கும். அதுவரை மகன் வாசலில் இருக்கும் நேரமெல்லாம் அந்தச் சேவலைப் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து மேலே கல் வையுங்கள். மற்ற இரண்டில் சாதுவானதை நிறுத்திக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்துவிடுங்கள். பெரியது போன பிறகு சாதுவானதும் துள்ளலாம், ஒரு மாதம் கவனியுங்கள்.