சந்தியில் நின்றால் எஞ்சின் ஏன் சுடுகிறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது பத்து வருஷப் பழைய 150 சிசி மோட்டார் சைக்கிள், ரேடியேட்டர் இல்லாதது. காலையில் நிலாவெளி வீதியால் வரும்போது ஒரு குறையும் இல்லை. மத்தியானம் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் திருகோணமலை டவுனுக்குள் மாட்டிக்கொண்டால் கால் சுடுகிறது, நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது, எஞ்சின் தலையில் டக் டக் என்கிற டப்பட் சத்தமும் கூடுகிறது. கச்சான் காற்று அடிக்கிற இந்த வெயிலில் எஞ்சின் சீஸ் ஆகி இறுகி நின்றுவிடுமா? – உப்புவெளி வாசகர்

பதில்: தம்பி, ஒயில் அளவாக இருக்கிறவரை அப்படிச் சட்டென்று சீஸ் ஆகாது, பயப்படாதீர்கள். ஆனால் வெயிலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக நிற்கின்றனவே செட்டைகள், அவற்றுக்கு இடையில் எதிர்காற்று புகுந்து போகும்போதுதான் சூடு இறங்குகிறது. செட்டை 150 பாகையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று 30 பாகை என்றால் இடைவெளி 120, கச்சான் அடித்து 36 ஆனால் 114. அதாவது இடைவெளி குறைவது இருபதில் ஒரு பங்குதான். 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்துகொண்டிருந்த காற்று சந்தியில் நின்றதும் அடியோடு இல்லாமல் போகிறதே, அந்த இழப்புக்கு முன்னால் இந்த ஆறு பாகை ஒரு பொருட்டே இல்லை.

அதனால் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டிவரும் என்று தெரிந்தால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள், சூடான எஞ்சின் அரை உதையில் எழும்பிவிடும். நின்றபடி அக்சிலேட்டரை முறுக்கினால் குளிரும் என்று சிலர் நினைக்கிறார்கள். உங்கள் வண்டியில் விசிறி கிடையாது, முறுக்க முறுக்கச் சூடுதான் ஏறும். அரைக் கிளட்சில் ஊர்வதையும் விடுங்கள், முன்னால் பத்தடி இடம் விட்டு, பிறகு ஒரேயடியாக எடுத்துப் போய் நில்லுங்கள். நியூட்ரல் விழாததற்குக் காரணம், சூட்டில் கிளட்ச் தட்டுகள் முழுதாக விலகாமல் ஒட்டி ஒட்டிச் சுற்றுவது. நின்ற பிறகு தேடாமல் உருண்டுகொண்டிருக்கும்போதே போட்டுவிடுங்கள், கிளட்ச் கேபிள் அளவுக்கு மேல் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டப்பட் சத்தம் எஞ்சின் ஆறிய பிறகும் அப்படியே இருந்தால் கராச்சில் காட்டி வால்வு இடைவெளியைச் சரிசெய்துகொள்ளுங்கள். நெரிசலைத் தாண்டியதும் உடனே வீட்டு வாசலில் நிறுத்தாமல் ஒரு கிலோமீற்றர் சீராக ஓடினால் அந்தக் காற்றே போதும்.

இன்னொன்று, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சுடுகிறது என்று எஞ்சினில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் என் கண்ணெதிரே ஒருவர் குடிக்கிற தண்ணீர்ப் போத்தலைத் திறந்து சிலிண்டர் தலையில் ஊற்றினார். உஸ் என்று ஆவி எழும்பியது, ஓரத்து ஒரு செட்டையில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு ஓடியது. வெளிப்பக்கம் சுருங்கும்போது உள்பக்கம் இன்னும் விரிந்தபடி இருக்கும், அலுமினியம் அதைத் தாங்காது.

கேள்வி: வெயில் காலத்துக்குத் தடித்த ஒயில் போட்டால் நல்லது என்கிறார்கள். வீட்டில் கார் ஒயில் ஒரு லீற்றர் மிச்சம் இருக்கிறது, அதை ஊற்றலாமா? – கிண்ணியா வாசகர்

பதில்: கார் ஒயில் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகளும் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே குளித்துக்கொண்டிருக்கின்றன. பல கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு, அது தட்டில் ஏறினால் கிளட்ச் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி நகராது. போத்தலில் ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், இப்படி ஒயிலில் குளிக்கிற கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான குறி அது. தடிப்பு விஷயத்தில் வண்டியோடு தந்த புத்தகம் சொல்வதே சரி. 20டபிள்யூ-40 என்பதில் பின்னால் வருகிற 40தான் எஞ்சின் சூடான பிறகு ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் காட்டுகிறது. புத்தகம் 10டபிள்யூ-30 கேட்டால் வெயிலுக்கென்று 50க்குத் தாவாதீர்கள்.

ஒயில் எந்த வகை என்று யோசிக்கிற அளவுக்கு அது எவ்வளவு இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. இந்த எஞ்சின்களில் சூட்டைச் சுமந்துபோகும் வேலையில் ஒயிலுக்கும் பங்கு உண்டு, மொத்தமே ஒரு லீற்றர் அளவுதான் இருக்கிறது, அதில் கால் லீற்றர் எரிந்துபோனால் மிச்சம் முக்கால் லீற்றர் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். கந்தளாயில் இருந்து திரும்பும்போது தம்பலகாமம் தாண்டி ஒருநாள் என் வண்டி இழுக்காமல் மந்தமாகியது. நிறுத்தி ஆறவிட்டு ஒயில் கம்பியை உருவித் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன், நுனியில் ஒரு சொட்டுக் கறுப்பு, அவ்வளவுதான். ஒரு மாதமாக நான் பார்க்கவே இல்லை. அன்றில் இருந்து ஞாயிறு காலை வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி ஒயில் பார்க்காமல் தேத்தண்ணி குடிப்பதில்லை.

கேள்வி: நான் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வியாபாரத்துக்குப் போகிறவன். செட்டைகளில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, கழுவ வேண்டுமா? – மூதூர் வாசகர்

பதில்: கட்டாயம். அது உப்பு. அதோடு சேறும் சேர்ந்து இறுகினால் செட்டைக்குப் போர்வை போர்த்தின மாதிரி. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு நல்ல தண்ணீரில், பழைய பல் துலக்கும் தூரிகையால் இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவுங்கள். முன் காவல்கம்பியில் பை, பலகை எதையும் கட்டாதீர்கள், காற்று வருகிற வழி அது.

கேள்வி: என்னுடையது ஸ்கூட்டி. எஞ்சின் முழுக்க மூடிக் கிடக்கிறதே, அதற்குக் காற்று எப்படிப் போகும்? – உவர்மலை வாசகி

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. காற்றில் குளிரும் ஸ்கூட்டிகளில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற விசிறி ஒன்று மூடிக்குள் இருக்கிறது, அது காற்றை இழுத்துச் சிலிண்டரைச் சுற்றித் தள்ளும். அதனால் நீங்கள் சந்தியில் நின்றாலும் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், அந்த வகையில் உப்புவெளித் தம்பியின் வண்டியைவிட உங்களுக்கு வசதி. விசிறி மூடியின் சல்லடைக் கண்களில் சருகோ பொலித்தீன் துண்டோ ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். எஞ்சினைவிட உங்களைத்தான் கவனிக்கச் சொல்வேன்: மத்தியானம் ஓடினால் முழுக்கைப் பருத்திச் சட்டை, கையில் தண்ணீர், தலை சுற்றினால் உடனே நிழல்.

கேள்வி: கோணேசர் கோவிலுக்கு மனைவியோடு ஏறும்போது எஞ்சினில் டிங் டிங் என்று சத்தம் வருகிறது. 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் நிற்குமா? – சீனன்குடா வாசகர்

பதில்: முதலில் கியரைப் பாருங்கள் ஐயா. கோட்டை வாசல் தாண்டி மேடு ஏறும்போது, மான் குறுக்கே வரும் என்று வேகம் குறைத்துவிட்டு மூன்றாம் கியரிலேயே இழுப்பவர்கள் நிறையப் பேர். எஞ்சின் சுற்று குறைவு, பாரம் கூட, காற்றும் இல்லை, அந்த நிலையில் பெற்றோல் நேரம் தவறி வெடிக்கிற சத்தம்தான் அது. இரண்டுக்கோ ஒன்றுக்கோ இறக்குங்கள். 92 போதும் என்று புத்தகம் சொல்கிற வண்டியில் 95 அடித்தால் எஞ்சின் குளிராது. கியர் இறக்கியும் சத்தம் நிற்காவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், நுனி சாம்பல் வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவாகப் போகிறது, காபரேட்டரைச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.