சிநேகிதியின் கட்டுரைக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

அன்புள்ள அக்கா,

நான் முகாமைத்துவம் படிக்கும் இரண்டாம் வருட மாணவி. செயற்றிட்ட முகாமைத்துவப் பாடத்துக்கு எல்லோரும் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தோம். இப்போது ஆளுக்கொரு சக மாணவரின் கட்டுரையைத் தந்து, ஒரு பக்கத்தில் கருத்து எழுதி 10க்குப் புள்ளியும் போடச் சொல்லியிருக்கிறார் விரிவுரையாளர். எங்கள் கருத்துக்கும் புள்ளி உண்டாம். எனக்கு வந்தது என் நெருங்கிய சிநேகிதியின் கட்டுரை, 'செயற்றிட்டங்கள் ஏன் பிந்துகின்றன'. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களுக்கும் அனுப்புகிறேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் என் புள்ளி போய்விடும், குறை எழுதினால் அவள் கதைக்காமல் விட்டுவிடுவாள். முதலில் நல்லதைச் சொல்லி, நடுவில் குறையைச் சொல்லி, திரும்ப நல்லதைச் சொல்லி முடிக்கும்படி கூடப் படிப்பவர்கள் சொல்கிறார்கள். அப்படியே எழுதவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
யாழ்ப்பாணம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் கேட்ட அந்த முறையில் எழுத வேண்டாம். அது இப்போது எல்லோருக்கும் தெரிந்த வித்தை, முதல் வரியில் பாராட்டைக் கண்டதுமே 'சரி, அடுத்தது வரப்போகுது' என்று ஆள் தயாராகிவிடும், பிறகு நீங்கள் மனதாரச் சொன்ன நல்லதும் பூச்சாகத்தான் தெரியும். நல்லதைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் எது நல்லது, ஏன் நல்லது என்று இடம் காட்டிச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரையில் அப்படிச் சொல்ல ஒரு இடம் இருக்கிறது, அது மூன்றாம் பக்கத்தில் ஒளிந்து கிடக்கிறது. உரும்பிராயில் வீடு கட்டும் ஒரு மேசனிடம் போய் உங்கள் சிநேகிதி கதைத்திருக்கிறார். ஒன்பது மாதத்தில் முடிப்பதாகப் பேசிய வீடு இரண்டு வருடமாக இழுபட்டதாம். சீமெந்து விலை ஏறியது ஒரு காரணம், 2022இல் டீசல் இல்லாமல் மண் ஏற்ற வாகனம் கிடைக்காதது இன்னொன்று. அப்புறம்தான் அந்த மனிதர் முக்கியமான விஷயத்துக்கு வருகிறார்: வீட்டுக்காரர் கனடாவில், மூன்று கிழமைக்கு ஒருக்கால் வட்சப்பில் ஒரு படம் வரும், இந்த அறையோடு ஒரு குளியலறை சேருங்கோ, போர்ட்டிகோவை முன்னுக்கு இழுங்கோ, மேலே ஒரு மாடிக்கு இப்பவே தூண் விடுங்கோ என்று. பேசிய காசும் மாறவில்லை, பேசிய திகதியும் மாறவில்லை, வேலை மட்டும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. செயற்றிட்ட முகாமைத்துவப் புத்தகங்கள் எல்லாம் 'ஸ்கோப் கிரீப்' என்று ஒரு அத்தியாயம் எழுதுவது இதைத்தான். உங்கள் சிநேகிதி இதைக் கண்டுபிடித்து ஏழு வரியில் எழுதிவிட்டு, 'இவ்வாறாகத் தொடர்பாடல் குறைபாடே தாமதத்துக்குக் காரணமாகும்' என்று முடித்துவிட்டார்! தொடர்பாடலுக்கு அங்கே என்ன குறை, வட்சப்பில் படம் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. மாற்றம் வரும்போது 'இதற்கு இவ்வளவு காசு, இவ்வளவு நாள் கூடும், சம்மதமா' என்று எழுதி வாங்க ஒரு வழி இல்லாததுதான் அங்கே குறை.

ஆகவே உங்கள் ஒரு பக்கத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். இப்படி எழுதலாம்: 'மேசன் சொன்ன பகுதியை வாசிக்கும்போதுதான் இந்தக் கட்டுரை எனக்கு உயிரோடு தெரிந்தது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் மற்றக் காரணங்களை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் சொன்னதிலிருந்து நீர் எடுத்த முடிவு அவர் சொன்னதோடு பொருந்துகிறதா என்று இன்னொரு தரம் பாரும்.' இதில் பாராட்டும் குறையும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை விட முடியாது.

அடுத்தது அவுஸ்திரேலியாவின் பேர்போன கலையரங்கம், சிட்னி ஒபெரா ஹவுஸ். பிந்திய செயற்றிட்டம் என்றாலே எல்லோரும் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கட்டுரையில் எண்கள் சரி: 1959இல் வேலை தொடங்கி, 1963இல் முடிய வேண்டியது 1973இல் திறக்கப்பட்டது, 7 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் என்று மதிப்பிட்டது 102 மில்லியனில் முடிந்தது. ஆனால் அதற்கும் காரணம் 'தொடர்பாடல்' என்று போட்டிருப்பது போதாது. சிப்பியோடு போன்ற அந்தக் கூரையை எந்த வடிவில் கட்டுவது என்று தீராமலே அடித்தளத்தைக் கட்டத் தொடங்கினார்கள், பிறகு அந்தத் தூண்கள் கூரையைத் தாங்காது என்று தெரிந்து திரும்பக் கட்ட வேண்டி வந்தது. உரும்பிராய் வீட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் என்ன கட்டுகிறோம் என்பது முடிவாக முன்னரே கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: 2007இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த கட்டடத்தைத் தோற்றுப்போன செயற்றிட்டம் என்று எழுதலாமா? அவருடைய பதில் என்னவாக இருந்தாலும் கட்டுரைக்கு ஒரு நல்ல பந்தி கிடைக்கும்.

'பிந்தினால் ஆட்களைக் கூட்ட வேண்டும்' என்று ஒரு வரி வருகிறது. இதைப் பிழை என்று வெட்டாமல், எந்த வேலைக்கு என்று கேளுங்கள். லொறியிலிருந்து சீமெந்து மூட்டை இறக்க ஆட்களைக் கூட்டினால் கெதியாக முடியும். மென்பொருள் வேலையில் அது எதிர்மாறாகப் போகும் என்று ஐபிஎம் கணினி நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற பெரிய இயங்குதளத்தை உருவாக்கும் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். புதிதாக வந்தவருக்கு வேலை பழக்குவது ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லாத பழைய ஆட்கள்தான், அதோடு ஆள் கூடக்கூட ஒருவரோடொருவர் கதைக்க வேண்டிய சோடிகளும் பெருகும்: 4 பேர் என்றால் 6 சோடி, 8 பேர் என்றால் 28. இந்தக் கணக்கை நீங்களே எழுதிக் கொடுத்தாலும் பிழையில்லை, ஆனால் பந்தியைத் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டாம், அது அவருடைய கட்டுரை.

கேள்வியாகக் கேட்காமல் நேராகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. 'வோட்டர்ஃபோல் முறையை 1970இல் வின்ஸ்டன் ரொய்ஸ் பரிந்துரைத்தார்' என்று எழுதியிருக்கிறார். மென்பொருள் வேலையில் ஒரு படியை முழுதாக முடித்த பிறகே அடுத்த படிக்குப் போவதுதான் அந்த முறை. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் ரொய்ஸ் தன் 1970 கட்டுரையில் அந்தப் படிமுறையை வரைந்து காட்டியபின், இப்படியே நேர்கோட்டில் செய்தால் ஆபத்து, தோல்விதான் வரும் என்று சொல்லிவிட்டு மாற்றுவழிகளைத் தருகிறார். அந்தக் கட்டுரையில் வோட்டர்ஃபோல் என்ற பெயரே வராது. இதில் 'என் தாழ்மையான கருத்து', 'ஒருவேளை' எல்லாம் தேவையில்லை. தகவல் பிழை, மூலக் கட்டுரையைப் பார்க்கவும் என்று ஒரு வரி போதும். அஜைல், அதாவது வேலையைச் சிறு சிறு துண்டுகளாகச் செய்து இடையிடையே திருத்திக்கொண்டு போகும் முறை, பற்றிய பந்தி அவசரத்தில் எழுதியது, தலைப்போடு ஒட்டவில்லை, எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

எழுத்துப் பிழைகளைச் சிவப்பில் வட்டமிடும் ஆசை வரும். விடுங்கள். பக்கம் நிறைய வேலை செய்ததுபோல் தெரியும், கட்டுரை ஒரு அங்குலமும் நகராது. கண்ணில் பட்ட நாலைந்தைப் பென்சிலால் குறித்து, கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது காட்டினால் போதும்.

நானாக இருந்தால் கடைசியில் ஒரு யோசனையும் வைப்பேன். எல்லா உதாரணமும் பிந்தியவையாகவே இருக்கின்றன, பிந்தவே முடியாத ஒன்றையும் பார்க்கலாமே. நல்லூர்த் திருவிழா 25 நாள், 24ஆம் நாள் தேர். பஞ்சாங்கத்தில் வந்த நாளை யாரும் அடுத்த கிழமைக்குத் தள்ள முடியாது. நாள் நகராது என்றால் அதற்கு முதல் எதையெல்லாம் முடித்தாக வேண்டும், எதைக் குறைக்கலாம், எதில் கைவைக்கவே கூடாது என்று வேலை செய்கிறவர்களிடம் போய்க் கேட்டால் அந்த மேசன் தந்ததுபோல் ஏதாவது கிடைக்கும். உங்கள் சிநேகிதிக்கு ஆட்களிடம் கதை பிடுங்கத் தெரிகிறது. இந்த வசனத்தை நீங்கள் அப்படியே எழுதலாம், இது முகத்துதி இல்லை, மூன்றாம் பக்கமே சாட்சி.

கதைக்காமல் விட்டுவிடுவாள் என்று பயப்படுகிறீர்கள். எழுதிய பக்கத்தை விரிவுரையாளரிடம் கொடுக்க முதல் சிநேகிதியிடம் காட்டுங்கள், கன்ரீனில் ஒரு பிளேன்ரீயோடு இருந்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். வேறு ஆட்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள், கூட்டத்துக்கு முன்னால் எவ்வளவு நல்ல திருத்தமும் அவமானமாகத்தான் விழும். அவர் எதிர்த்துக் கதைத்தால் கேளுங்கள், உங்களுக்கு விளங்காமல் போன இடமும் இருக்கலாம், அதை அங்கேயே அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம். காட்டக்கூடாது என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தால் மட்டும் இதை விடுங்கள்.

புள்ளி என்ன போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் இரவில் நித்திரையைக் கெடுக்கும். சிநேகிதி என்று 9 போட்டால் மேலே எழுதிய எதையும் அவரும் நம்பமாட்டார், விரிவுரையாளரும் நம்பமாட்டார். நான் 6 போடுவேன். மேசன் பகுதி முன்னுக்கு வந்து, ரொய்ஸ் பற்றிய வரியும் திருந்தினால் 8 என்று பக்கத்திலேயே எழுதியும் வைப்பேன்.

அன்புடன்
அக்கா