புதனின் பாறைத் தோல் எங்கே போனது?

வணக்கம் அக்கா. உயர்நிலை இரண்டில் படிக்கும் உங்கள் மகள், "சூரியச் சூட்டில் புதன் கோளின் பாறை ஆவியாகிவிட்டது" என்று ஒப்படைப்பில் எழுத, ஆசிரியர் சிவப்புக் கோடு போட்டுவிட்டார் என்கிறீர்கள். கோபப்படாதீர்கள், அவர் செய்தது சரிதான். அறிஞர்களே ஒரு காலத்தில் முன்வைத்த கருத்துதான் அது. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிவந்த மெசஞ்சர் விண்கலம்தான் அதன் காலை வாரியது. பாறையே ஆவியாகும் சூடு என்றால் எளிதில் ஆவியாகும் பொட்டாசியமும் கந்தகமும் முதலில் ஓடியிருக்க வேண்டுமே? இரண்டும் அங்கே தாராளமாக இருக்கின்றன.

புதனின் பாறைத் தோல் ஏன் இவ்வளவு மெல்லியது என்பதற்கான இன்னொரு விளக்கமான மோதல் கதைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. தேக்கா சந்தையில் சில நேரம் கொட்டை பெருத்துச் சதை மெலிந்த மாம்பழம் வாய்க்குமே, புதன் அந்த ரகம்: 2,440 கிலோமீட்டர் ஆரத்தில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் இரும்புக் கரு. இளம்பருவத்தில் இன்னொரு கோள் மோதி மேற்பாறையைச் சிதறடித்திருக்கலாம். அல்லது புதனே பெரிய கோள் ஒன்றை உரசி, தோலைப் பறிகொடுத்துத் தப்பியிருக்கலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். முதலாவதில் சிதறிய தூள் திரும்பப் புதன் மேலேயே விழுந்துவிடும் என்ற சிக்கல் உண்டு. இரண்டாவதில் அந்தத் தூளைப் பெரிய கோள் அள்ளிக்கொள்கிறது.

மகள் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு இரண்டு மோதல்களையும் எழுதட்டும். "ஒருவேளை" என்ற சொல்லை மட்டும் விட வேண்டாம். புதன் பிறப்பிலேயே இரும்பு மிகுந்தது என்பாரும் உண்டு.