பூசையில் நற்கருணை வாங்க என்னை ஏன் விடவில்லை?

நீங்கள் கேட்டது: நான் மெதடிஸ்த (புரட்டஸ்தாந்து) சபையில் வளர்ந்தவர், கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்க நண்பரோடு பூசைக்குப் போய் நற்கருணை வாங்க எழுந்தபோது, அந்த நண்பர் என் கையைப் பிடித்து இருத்திவிட்டார். இரண்டு சபையிலும் அதே அப்பமும் இரசமும்தானே?

நண்பர் உங்களை அவமதிக்கவில்லை. கத்தோலிக்க நம்பிக்கையில், குருவானவர் "இது என் உடல்" என்று சொன்னபின் அது அப்பமே அல்ல. நிறமும் ருசியும் மட்டும் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பது கிறிஸ்து. 1551இல் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரெந்து சங்கம் இதை உறுதிப்படுத்தியது. மிஞ்சியதைப் பேழையில் வைத்துப் பூட்டி, அதன் முன் முழங்காலிடுவதும் அதனால்தான்.

சரி, இதை எதிர்த்துப் பிரிந்த புரட்டஸ்தாந்தர்களாவது தங்களுக்குள் ஒத்துப்போனார்களா? அதுவும் இல்லை. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில், சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் 15 விடயங்களைப் பேசி, 14இல் உடன்பட்டு, இதில் முட்டிக்கொண்டார்கள். 'இது என் உடல்' என்பதற்கு 'உடலைக் குறிக்கிறது' என்றே பொருள் என்றார் சுவிங்கிலி. லூத்தரோ அந்த வாக்கியத்தை மேசையில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்து, அசையவே இல்லை. (பிடிவாதம்தான், ஆனால் எனக்கு அவர் பக்கம் கொஞ்சம் சாய்வு.) பின்னர் வந்த இன்னொரு சீர்திருத்தத் தலைவரான கல்வின் இடையில் நின்றார்: அப்பம் அப்பமே, ஆனால் தூய ஆவியால் கிறிஸ்துவை உண்மையாகவே பெறுகிறோம் என்றார். கொழும்பில் ஒல்லாந்தர் கட்டிய நம் வுல்பெண்டால் கோயில் அவர் வழி வந்தது.

உங்கள் மெதடிஸ்தரும் கிறிஸ்து அங்கே இருக்கிறார் என்பார்கள். எப்படி என்று தோண்டமாட்டார்கள். ஆனால் கத்தோலிக்கருக்கு, வாங்கும்போது சொல்லும் 'ஆமென்' அந்தத் திருச்சபையோடு முழுதாக ஒன்றியிருப்பதற்கும் சேர்த்துத்தான். அதனால்தான் நண்பர் உங்களை இருத்தினார்.